பிறந்த எலிக்குட்டிகளுக்கு எஸ்ட்ரடயால் பென்சோயேட்: விந்தகம், எஃபெரன்ட் நாளம், ப்ராஸ்டேட்டில் எதை எந்த நாளில் பார்ப்பது?

கேள்வி: கயல்_விலங்கியல்

வணக்கம். பிறந்த சில நாட்களுக்குள் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் விஸ்டார் எலிகளில் ஆண் இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சி எப்படித் தடம் மாறுகிறது என்பது என் ஆய்வுப் பொருள். விலங்கு நெறிமுறைக் குழுவுக்கான படிவம் 'பி'யை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். அனுமதி கிடைத்தபின் திட்டத்தை மாற்றினால் மறுபடியும் குழுவிடம் போக வேண்டும். ஆகவே ஓட்டை இருந்தால் இப்போதே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

திட்டம் இதுதான். எஸ்ட்ரடயால் பென்சோயேட் என்ற ஈஸ்ட்ரோஜனை நல்லெண்ணெயில் கரைத்து, குட்டிக்கு 25 மைக்ரோகிராம் வீதம் பிறப்பு நாள் 1, 3, 5 ஆகிய மூன்று நாட்களும் தோலுக்கடியில் ஊசி. ஒப்பீட்டுக் குழுவுக்கு வெறும் எண்ணெய். ஒரே ஈத்துக் குட்டிகளில் பாதிக்கு மருந்தும் பாதிக்கு எண்ணெயும் கொடுத்தால் தாய் எலிகள் குறைவாகத் தேவைப்படும் என்பது என் கணக்கு. 90ஆம் நாளில் விந்தகம், எபிடிடிமிஸ் (விந்தணு முதிர்ந்து தங்கும் சுருள்நாளம்), ப்ராஸ்டேட், செமினல் வெசிக்கிள் எடுத்து எடை பார்த்து, ஃபார்மலினில் போட்டு, எச் அண்ட் இ சாயம். சீரத்தில் டெஸ்டோஸ்டிரோன் எலைசா.

எனக்குத் தெளிவாக வேண்டியவை: இந்த டோஸும் நாட்களும் சரியா? 90ஆம் நாள் மட்டும் பார்த்தால் போதுமா? விந்தக எடையில் வித்தியாசமே வராவிட்டால் விளைவு இல்லை என்று எழுதலாமா? கடைசியாக, ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் டெஸ்டோஸ்டிரோனும் விழுந்துவிடுகிறது. அப்படியானால் பார்க்கிற மாற்றம் ஈஸ்ட்ரோஜனால் வந்ததா, டெஸ்டோஸ்டிரோன் இல்லாததால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது?

பதில் 1: நாளமில்லா_சுரப்பி

கயல், உங்கள் கடைசிக் கேள்விதான் இந்த ஆய்வின் உயிர். அதற்கு வேறு யாராவது விரிவாக எழுதுவார்கள். நான் நாள், டோஸ், ஊசி, ஈத்து ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் நாள். கரு வளர்ச்சியில் ஆண் உறுப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் தீர்மானமாவதில்லை. எலியில் கரு நாள் 15.5 முதல் 18.5 வரையிலான காலத்தில் ஆண்ட்ரோஜன் தடைபட்டால் ஆண்குறித் துளை இடம் மாறுகிறது, விந்தகம் இறங்காமல் போகிறது, ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலான தூரம் குறைகிறது. நீங்கள் ஊசி போடும்போது அந்தச் சாளரம் மூடிவிட்டது. எனவே உங்கள் எலிகளில் துளை இடமாற்றத்தைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பிறப்பு நாள் 1 முதல் 5 வரை திறந்திருப்பது வேறு கதவு: ப்ராஸ்டேட் மொட்டுகள் கிளைவிடுகின்றன, இனச்செல்களைத் தாங்கி வளர்க்கும் செர்டோலி செல்கள் பெருகுகின்றன, ஆதி இனச்செல்கள் குழலின் ஓரத்துக்கு நகர்ந்து மறுபடி பிரியத் தொடங்குகின்றன, விந்தகக் குழல்கள் வந்து கூடும் வலையான ரீட்டி டெஸ்டிஸும், அங்கிருந்து எபிடிடிமிஸுக்குப் போகும் எஃபெரன்ட் நாளமும் உருப்பெறுகின்றன. நீங்கள் கேட்கும் கேள்விக்கு இந்த நாட்கள் பொருத்தமானவை.

பிறந்த நாளை 0 என்று எண்ணுகிறீர்களா, 1 என்று எண்ணுகிறீர்களா என்பதைப் படிவத்திலேயே எழுதுங்கள். இரண்டு வழக்கமும் உண்டு. கருநாளிலும் அப்படித்தான், விந்தணு தென்பட்ட காலையை 0, 0.5, 1 என்று மூன்று விதமாகக் குறிக்கிறார்கள். மூன்று நாள் மட்டுமே திறந்திருக்கும் சாளரத்தில் ஒரு நாள் பிசகினால் வேறு உறுப்பைத் தாக்கியிருப்பீர்கள்.

டோஸ். குட்டிக்கு 25 மைக்ரோகிராம் என்பது ப்ராஸ்டேட் ஆய்வுகளில் நெடுங்காலமாகப் புழங்கும் உயர் டோஸ். புதிதாகப் பிறந்த குட்டி சுமார் 6 கிராம் இருக்கும். அப்படியானால் முதல் ஊசி கிலோவுக்கு 4 மில்லிகிராமுக்கு மேல். ஐந்தாம் நாள் குட்டி 10, 11 கிராம் ஆகிவிடும். அதே 25 மைக்ரோகிராம் அப்போது கிலோவுக்கு ஏறக்குறைய 2.3 மில்லிகிராம்தான். குட்டிக்கு இவ்வளவு என்று கொடுக்கிறீர்களா, எடைக்கு இவ்வளவு என்றா என்று முடிவு செய்து, தினசரி எடையையும் பதிவு செய்யுங்கள். டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன் பற்றிய கட்டுரைகளிலிருந்து டோஸை அப்படியே எடுத்துவிடாதீர்கள். எலிக்குட்டியின் இரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதம் ஏராளம். அது எஸ்ட்ரடயாலை இறுகப் பிடித்துக்கொள்ளும், டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ராலைப் பிடிக்காது. அதனால் இந்த வயதில் மைக்ரோகிராமுக்கு மைக்ரோகிராம் இரண்டும் சமம் அல்ல.

எண்ணெய். நல்லெண்ணெய் சரிதான், ஆனால் செக்கு நல்லெண்ணெய் வேண்டவே வேண்டாம். ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது நம் ஊர் வழக்கம். கசடும் ஈரமும் இருக்கும். மருந்துத் தரத்தில் வரும் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ வாங்கி, ஆய்வு முடியும்வரை ஒரே தொகுதி எண்ணைப் பயன்படுத்துங்கள். பென்சோயேட்டை எடுத்த எடுப்பில் எண்ணெயில் கொட்டினால் கரையாது. கொஞ்சம் சுத்த எத்தனாலில் கரைத்து, எண்ணெயில் சேர்த்து, மூடியைத் தளர்த்தி 37 டிகிரியில் இரவு முழுக்கக் கலக்கவிட்டால் எத்தனால் போய்விடும். ஒப்பீட்டுக் குழுவின் எண்ணெய்க்கும் அதே அளவு எத்தனால் சேர்த்து அதே மாதிரி ஆவியாக்குங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஊசி. இன்சுலின் சிரிஞ்சு வாங்கப் போகிறீர்கள் என்றால் மூடியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மூடி, மில்லிக்கு 40 யூனிட் சிரிஞ்சில் ஒரு கோடு 25 மைக்ரோலிட்டர். ஆரஞ்சு மூடி, மில்லிக்கு 100 யூனிட் சிரிஞ்சில் ஒரு யூனிட் 10 மைக்ரோலிட்டர்தான். இரண்டும் ஒரே மேசையில் கிடந்து, 'இரண்டு யூனிட்' என்று வாயால் சொல்லி இருவர் ஊசி போட்டால் ஒரு பாதிக் குட்டிகளுக்கு 25 மைக்ரோகிராமும் மறுபாதிக்கு 10 மைக்ரோகிராமும் போயிருக்கும். முடிவில் தெரியும் சிதறலுக்குக் காரணமே கிடைக்காது. ஒரு கோட்டை அளந்து போடுவதும் துல்லியமில்லை. மில்லிக்கு 0.5 மில்லிகிராம் கரைசல் வைத்து, 50 மைக்ரோலிட்டர், அதாவது சிவப்பு மூடியில் இரண்டு கோடு, போடுங்கள். எண்ணெயைக் கையிலேயே வெதுவெதுப்பாக்கினால் மெல்லிய ஊசியிலும் இறங்கும். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைத் தூக்கி, ஊசியைத் தோலுக்கடியில் கொஞ்ச தூரம் ஓட்டி, அழுத்தியபின் பத்து நொடி அப்படியே வைத்து, உருவும்போது துளையை விரலால் அமுக்குங்கள். குட்டியின் தோல் கண்ணாடிபோல இருக்கும். எண்ணெய் உள்ளே குமிழாக நிற்பது வெளியிலிருந்தே தெரியும். குமிழ் தெரியாமல் முதுகு பளபளத்தால் மருந்து கசிந்திருக்கிறது. அந்தக் குட்டியைக் குறித்து வையுங்கள், மறு ஊசி போட்டுச் சரிக்கட்டாதீர்கள்.

ஒரே ஈத்தில் பாதிப் பாதி என்ற யோசனையைக் கைவிடுங்கள். தாய் எலி குட்டிகளை நாள் முழுக்க நக்கும். கசிந்த எண்ணெய், குட்டியின் சிறுநீர் எல்லாம் தாயின் வாய்க்கும் அங்கிருந்து அடுத்த குட்டிக்கும் போகும். 25 மைக்ரோகிராம் வாங்கிய குட்டிக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் 'எண்ணெய்' குட்டி உண்மையில் குறைந்த டோஸ் வாங்கிய குட்டி. ஒரு ஈத்துக்கு ஒரே மருந்து. தாய் எலிகளை மிச்சப்படுத்த வேறு வழி இருக்கிறது: ஒரே ஈத்து ஆண் குட்டிகளை வெவ்வேறு வயதுக்குப் பிரித்துவிடுங்கள். ஒன்று 10ஆம் நாளுக்கு, ஒன்று 18ஆம் நாளுக்கு, ஒன்றிரண்டு 90ஆம் நாளுக்கு. ஒவ்வொரு வயதிலும் ஒவ்வொரு ஈத்திலிருந்தும் ஒரு எலி வரும், புள்ளியியலுக்கும் சுத்தம்.

ஊசிக்கு முன்பே ஈத்தை எட்டுக் குட்டிகளாக ஒதுக்குங்கள், ஆண் குட்டிகளை முடிந்தவரை வைத்துக்கொண்டு. பதினான்கு குட்டி ஈத்தில் வளர்வதும் ஆறு குட்டி ஈத்தில் வளர்வதும் எடையில் பெரிய வித்தியாசம் காட்டும். குட்டிகளைத் தொடும் முன் தாயை வேறு கூண்டுக்கு மாற்றி, கையுறையை அதே கூண்டு உமியில் தேய்த்துக்கொண்டு, எல்லாக் குட்டிகளையும் ஒன்றாகத் திருப்பி வைத்தபின் தாயை விடுங்கள். முதல் நாளில் இதைச் செய்யாவிட்டால் தாய் குட்டியைத் தின்றுவிடும் அபாயம் உண்டு.

பதில் 2: மைக்ரோடோம்

மேலே சொன்னதெல்லாம் சரி. நான் திசு பக்கம் பேசுகிறேன்.

விந்தகத்துக்கு ஃபார்மலின் வேண்டாம். குழல்கள் சுருங்கி, இனச்செல்கள் அடித்தளத்திலிருந்து பிய்ந்து, நடுவில் செல்கள் கொட்டிக் கிடப்பதுபோல் தெரியும். மருந்தால் செல்கள் உதிர்ந்தனவா, ஃபார்மலினால் உதிர்ந்தனவா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. திசுவை நிலைநிறுத்தப் பூவான் திரவமோ (பிக்ரிக் அமிலம் கலந்தது), மாற்றியமைத்த டேவிட்சன் திரவமோ பயன்படுத்துங்கள். 10ஆம் நாள் விந்தகத்துக்குப் பூவானில் நான்கைந்து மணி நேரம் போதும். முழுவளர்ச்சி விந்தகத்துக்கு 24 மணி நேரம். விந்தகத்தின் உறையான டியூனிக்காவில் மெல்லிய ஊசியால் சில குத்து குத்திப் போடுங்கள், சில மணி நேரம் கழித்துத் திசு இறுகியபின் இரண்டாக வெட்டி மறுபடி போடுங்கள். பச்சையாக இருக்கும்போதே வெட்டினால் குழல்கள் பிதுங்கி வெளியே வந்துவிடும். பிறகு 70 சதவீத எத்தனாலில் மஞ்சள் போகும்வரை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கும். பாட்டில் மூடியிலும் வாயிலும் படிகம் படியவிடாதீர்கள்.

ஒரு விந்தகத்தைப் பூவானுக்கும் மற்றதை உறைநிலைக்கும் ஒதுக்கும்போது இடது வலது என்பதை ஆய்வு முழுக்க மாற்றாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். உயர் டோஸ் ஈஸ்ட்ரோஜனின் முத்திரை ரீட்டி டெஸ்டிஸும் எஃபெரன்ட் நாளமும் வீங்குவதுதான். எஃபெரன்ட் நாளங்கள் விந்தகத்திலிருந்து வரும் திரவத்தில் பெரும்பகுதியை, சுமார் 90 சதவீதத்தை, உறிஞ்சிவிடும். நாளத்தின் உள்சுவர்ச் செல் அடுக்கான எபிதீலியத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபா மிக அதிகம். ஏற்பி ஆல்ஃபா நீக்கப்பட்ட சுண்டெலிகளில் உறிஞ்சுதல் நின்று, திரவம் பின்னோக்கி அழுத்தி, விந்தகமே சிதைந்தது 1997இல் தெரியவந்தது. பிறந்த குட்டிக்கு ஈஸ்ட்ரோஜன் மிகுதியாகக் கொடுத்தாலும் அதே இடம்தான் கெடுகிறது: எபிதீலிய உயரம் குறைகிறது, நீர்க் கால்வாய்ப் புரதமான அக்வாபோரின் 1 குறைகிறது, நாளம் விரிகிறது.

இதைப் பார்க்க வேண்டுமானால் விந்தகத்தை நடுவில் குறுக்காக வெட்டும் பழக்கம் உதவாது. எலியில் ரீட்டி டெஸ்டிஸ் விந்தகத்தின் தலைப்பக்கத்தில், டியூனிக்காவுக்கு நேர் கீழே, இரத்தக் குழாய் நுழையும் இடத்துக்கு அருகில் இருக்கிறது. நடுக் குறுக்குவெட்டில் அது வரவே வராது. எஃபெரன்ட் நாளங்களோ விந்தகத்துக்கும் எபிடிடிமிஸின் தலைக்கும் நடுவே கொழுப்புக்குள் நூலாக ஓடும். 'கொழுப்பைச் சுத்தம் செய்கிறேன்' என்று கத்தரிக்கோலை வைத்தால் நீங்கள் தேடி வந்த திசுவே குப்பையில் போய்விடும். 10, 18ஆம் நாட்களில் விந்தகம், எபிடிடிமிஸ், நடுக்கொழுப்பு எல்லாவற்றையும் ஒரே துண்டாகப் பூவானில் போட்டு, நெடுக்குவாட்டில் மெழுகில் பதித்து, தலைப்பக்கத்திலிருந்து 5 மைக்ரானில் தொடர் வெட்டுகள் எடுங்கள்.

விந்தக எடை பற்றிக் கேட்டிருந்தீர்கள். எடை சமமாக வந்தால் விளைவு இல்லை என்று எழுதவே கூடாது. செர்டோலி செல் குறைந்து விந்தகம் சிறுத்திருக்கும். அதே நேரம் திரவம் தேங்கி எடை கூடியிருக்கும். இரண்டும் சேர்ந்து தராசில் 'இயல்பு' என்று காட்டும். வெட்டில் பார்த்தால் பிரித்துவிடலாம். குழலின் உள்வெளி விரிந்து எபிதீலியம் மெலிந்திருந்தால் பின்னழுத்தம். உள்வெளி சிறுத்து அல்லது இல்லாமல், இனச்செல்கள் குறைவாக இருந்தால் வளர்ச்சிப் பின்னடைவு. உள்வெளி விட்டத்தையும் எபிதீலிய உயரத்தையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். குழல் விட்டம் என்ற ஒற்றை எண் இரண்டையும் மறைத்துவிடும்.

ப்ராஸ்டேட்டை ஒட்டுமொத்தமாக எடை போட வேண்டாம். எலியில் வென்ட்ரல், டார்சல், லேட்டரல் மடல்களும், செமினல் வெசிக்கிளின் உள்வளைவில் ஒட்டிக்கொண்டிருக்கும் உறைவுச் சுரப்பியும் உண்டு. பிறப்புக்குப் பிந்தைய ஈஸ்ட்ரோஜன் ஒவ்வொரு மடலையும் ஒவ்வொரு விதமாகப் பாதிக்கிறது. கிளைப்பு குறைவது, ஆண்ட்ரோஜன் ஏற்பி குறைவது, தாங்கு திசுவான ஸ்ட்ரோமாவில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபா கூடுவது, வயதாகும்போது அழற்சி செல்கள் குவிவது எல்லாம் மடலுக்கு மடல் வேறுபடும். சிறுநீர்ப்பை, மடல்கள், வெசிக்கிள்கள் எல்லாவற்றையும் ஒரே கொத்தாக வெளியே எடுத்து, குளிர்ந்த உப்புக் கரைசலில், ஸ்டீரியோ நுண்ணோக்கியின் கீழ் பிரியுங்கள். செமினல் வெசிக்கிளின் அடியில் நூலால் கட்டிவிட்டுத்தான் கத்தரிக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கூழ் ஒழுகி எடை பாதியாகிவிடும். திரவத்தோடு ஒரு எடை, பிதுக்கியபின் ஒரு எடை.

விந்துநாளமான வாஸ் டிஃபரன்ஸையும் விடாதீர்கள். உயர் டோஸில் அது நேராக ஓடாமல் சுருண்டு, சுவர் தடித்திருக்கும். வெட்டுவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியும், ஒரு படம் எடுத்து வையுங்கள்.

கயல்_விலங்கியல்

நிறைய திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது, நன்றி. ஈத்துக்கு ஒரே மருந்து என்று மாற்றிவிட்டேன், பூவானும் வாங்கச் சொல்லிவிட்டேன். 10, 18, 90 என்று மூன்று வயதும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஈஸ்ட்ரோஜனா, டெஸ்டோஸ்டிரோன் குறைவா என்ற கேள்விக்கு எத்தனை குழு தேவைப்படும்? ஆறேழு குழு என்றால் நெறிமுறைக் குழுவினர் ஒப்பமாட்டார்கள். 90ஆம் நாளில் பெண் எலியோடு சேர்த்து இனவிருத்திச் சோதனை வைத்தால் பயன் உண்டா?

பதில் 3: செர்டோலி

நான்கு குழு போதும் கயல். ஏன் என்று சொல்கிறேன்.

ஈஸ்ட்ரோஜன் கொடுத்ததும் பிட்யூட்டரியிலிருந்து வந்து விந்தகத்தைத் தூண்டும் எல்எச் ஹார்மோன் குறைகிறது, டெஸ்டோஸ்டிரோனைச் செய்யும் லேடிக் செல்லில் நேரடித் தடையும் விழுகிறது, டெஸ்டோஸ்டிரோன் சரிகிறது. அதோடு நிற்பதில்லை; உயர் டோஸில் எபிடிடிமிஸ், வாஸ், ப்ராஸ்டேட் திசுக்களில் ஆண்ட்ரோஜன் ஏற்பிப் புரதமே காணாமல் போகிறது. மிச்சமிருக்கும் கொஞ்ச டெஸ்டோஸ்டிரோனுக்கும் அங்கே வேலையில்லை. ஆகவே 'ஈஸ்ட்ரோஜன் விளைவு' என்று எழுதுவது பாதிக் கதை.

டெஸ்டோஸ்டிரோன் குறைவதுதான் காரணம் என்றால், ஈஸ்ட்ரோஜனே இல்லாமல் டெஸ்டோஸ்டிரோனை மட்டும் குறைத்தாலும் அதே கோளாறு வர வேண்டும். பிட்யூட்டரியைத் தூண்டும் மூளை ஹார்மோனான ஜிஎன்ஆர்எச்சைத் தடுக்கும் மருந்தை (ஜிஎன்ஆர்எச் எதிர்ப்பான்) இரண்டாம் நாளும் ஐந்தாம் நாளும் கிலோவுக்கு 10 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் டெஸ்டோஸ்டிரோன் ஏறக்குறைய அதே ஆழத்துக்கு விழுந்தது. ஆனால் ரீட்டி டெஸ்டிஸ், எஃபெரன்ட் நாள வீக்கம் அந்த அளவுக்கு வரவில்லை. சரி, ஈஸ்ட்ரோஜன்தான் நேரடிக் காரணம் என்றால், கூடவே டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தாலும் கோளாறு மாறாமல் இருக்க வேண்டும். டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ராலோடு டெஸ்டோஸ்டிரோன் எஸ்டரும் கொடுத்தபோது ஆண்ட்ரோஜன் ஏற்பி மீண்டது, வீக்கமும் வாஸ் சுருளலும் பெரும்பாலும் தவிர்க்கப்பட்டன. தனியாகக் கொடுத்தால் பெரிதாக ஒன்றும் செய்யாத குறைந்த டோஸ் டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால், ஜிஎன்ஆர்எச் எதிர்ப்பானோடு சேர்ந்தபோது உயர் டோஸ் மாதிரியே கெடுத்தது. இரண்டில் எது என்று கேட்பதைவிட, இரண்டுக்கும் இடையிலான விகிதம் எப்போது கவிழ்கிறது என்று கேட்பதுதான் பொருத்தம்.

எனவே குழுக்கள்: எண்ணெய், எஸ்ட்ரடயால் பென்சோயேட், எஸ்ட்ரடயால் பென்சோயேட்டும் டெஸ்டோஸ்டிரோன் புரோப்பியோனேட்டும், ஜிஎன்ஆர்எச் எதிர்ப்பான் மட்டும். குழுவுக்கு ஏழு ஈத்து வைத்தால் 28 தாய் எலிகள். எஸ்டர் அளவுக்கு, வெளிவந்த ஆய்வுகளில் ஒரு குட்டிக்கு 200 மைக்ரோகிராம் பயன்பட்டிருக்கிறது. அதே நாட்களில், வேறொரு இடத்தில் தனி ஊசி. ஜிஎன்ஆர்எச் எதிர்ப்பான் விலை அதிகம், ஆனால் குட்டியின் எடை சில கிராம்தான் என்பதால் தேவை குறைவு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மூன்றாவது குழுவில் நாளங்கள் மீண்டாலும் விந்தக எடை மீளும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெளியிலிருந்து கொடுக்கும் டெஸ்டோஸ்டிரோனும் பிட்யூட்டரியை அமுக்கும். செர்டோலி செல்லின் பெருக்கத்துக்குப் பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான எஃப்எஸ்எச் வேண்டும், எலியில் அந்தப் பெருக்கம் மூன்றாவது வாரத்தோடு நின்றுவிடும். அதற்குள் எத்தனை செல் ஆனதோ அதுதான் வாழ்நாள் முழுக்கவும், ஒவ்வொரு செர்டோலி செல்லும் தாங்கும் இனச்செல்லுக்கு ஒரு வரம்பும் உண்டு. இதற்கு எதிர்ப்பக்கச் சான்று தைராய்டு. பாலூட்டும் தாயின் குடிநீரில் புரோப்பில்தையோயூராசில் கலந்து பிறப்பு முதல் சுமார் 25ஆம் நாள்வரை கொடுத்தால், தைராய்டு ஹார்மோன் குறைந்து செர்டோலி செல்களின் முதிர்ச்சி தள்ளிப்போகிறது, அவை கூடுதல் நாள் பெருகுகின்றன. குட்டிகளின் உடல் எடை குறைவாகவே இருக்கும். ஆனால் முழு வளர்ச்சியில் விந்தகம் இயல்பைவிட மிகப் பெரிதாகி, நாளொன்றுக்கான விந்தணு உற்பத்தி இரு மடங்குக்கும் மேலாகிறது. ஏறக்குறைய அதே இளம் வயது, வேறு ஹார்மோன், நேர்மாறான முடிவு. உங்கள் ஆய்வில் 18ஆம் நாளில் செர்டோலி செல் எண்ணிக்கையைக் கட்டாயம் சேருங்கள். அதை எண்ணாமல் 90ஆம் நாள் எடையை விளக்க முடியாது.

டெஸ்டோஸ்டிரோன் எலைசா பற்றி: குட்டிகளின் சீரத்தில் அளவு மிகக் குறைவு, கொழுப்பும் பிற ஸ்டீராய்டுகளும் குறுக்கிடும். ஈதரில் பிரித்தெடுக்காமல் நேரடியாகத் தட்டில் ஊற்றினால் வரும் எண்ணை நம்ப முடியாது. டெஸ்டோஸ்டிரோன் துடிப்பு துடிப்பாகச் சுரப்பதால் பெரிய எலிகளில் ஒரு குழுவுக்குள்ளேயே பல மடங்கு வேறுபடும். எல்லா எலிகளையும் காலை ஒரே இரண்டு மணி நேரத்துக்குள், குழுக்களைக் கலந்து, முடியுங்கள். ஒரு காலை முழுக்க எண்ணெய்க் குழு, மறு காலை மருந்துக் குழு என்று வேண்டாம். விந்தகத்துக்குள் இருக்கும் டெஸ்டோஸ்டிரோனையும் உறைந்த துண்டிலிருந்து அளந்தால் கை கொடுக்கும்.

இனவிருத்திச் சோதனை வைக்கலாம், ஆனால் அதைக் கொண்டு விந்தணு பற்றி முடிவுக்கு வராதீர்கள். பிறந்த குட்டிக்கு வலுவான ஈஸ்ட்ரோஜன் கொடுத்த எலிகளில் ஆண்குறியே சரியாக வளர்வதில்லை. குகைத் திசுவில் தசையும் இரத்த வெளிகளும் இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்புச் செல்கள் குவிந்திருப்பது பதிவாகியிருக்கிறது. பெண் எலி கருவுறாததற்கு விந்தணுக் குறைவு, புணர்ச்சி நடத்தை மாற்றம், உறுப்பின் அமைப்புக் கோளாறு மூன்றில் எதுவும் காரணமாகலாம். காலையில் யோனித் திரவத்தில் விந்தணு தென்படுகிறதா என்று பாருங்கள், கூடவே எபிடிடிமிஸ் வால்பகுதியில் விந்தணு எண்ணுங்கள், ஆண்குறியையும் ஒரு வெட்டு போடுங்கள். 35ஆம் நாள் முதல் தினமும், பருவமடைவதன் அறிகுறியாக ஆண்குறி முன்தோல் பிரிகிறதா என்று பார்த்துப் பிரிந்த நாளையும் அன்றைய எடையையும் எழுதி வந்தால் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். இயல்பான எலியில் 40களின் முதல் பாதியில் பிரியும். முழுதும் பிரியாமல் ஒரு பக்கம் இழையாக ஒட்டிக்கொண்டிருப்பதைத் தனியாகக் குறியுங்கள், வலுக்கட்டாயமாகப் பிரித்துப் பார்க்காதீர்கள்.

பதில் 4: கால்நடை_மருத்துவர்

தீவனத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நம் ஊரில் எலிக்குப் போடும் உருண்டைத் தீவனத்தில் புரதத்துக்குச் சோயாப் பிண்ணாக்கும் மாவுச்சத்துக்கு மக்காச்சோளமும் இருக்கும். சோயாவில் ஜெனிஸ்டீன், டெய்ட்ஸீன் என்ற தாவர ஈஸ்ட்ரோஜன்கள். மக்காச்சோளம் ஈரப்பட்டுப் பூசணம் பிடித்தால் ஃபியூசேரியம் உண்டாக்கும் ஜீரலினோன். அது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் நன்றாகவே ஒட்டும். பன்றிகளில் இதன் விளைவு வெளிப்படையாகத் தெரியும்: பெண் குட்டிகளுக்குப் பிறப்புறுப்பு வீங்கும், இளம் ஆண் பன்றிகளுக்கு விந்தகம் சிறுக்கும். மாட்டுக்கு வளர்ச்சி ஊக்கியாகக் காதில் பதிக்கும் ஜெரனால் இதிலிருந்து செய்யப்பட்டதுதான். இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் காளைக் கன்றுகளுக்கு அதைப் பதிக்கக் கூடாது என்பதற்குக் காரணமும் விந்தக வளர்ச்சி குன்றுவதே. அமெரிக்காவில் இறைச்சி மாடுகளுக்கு அனுமதி உண்டு, ஐரோப்பாவில் 1980களிலேயே தடை செய்துவிட்டார்கள்.

உங்கள் உயர் டோஸ் குழுவில் இந்தப் பின்னணி தெரியாது. எண்ணெய்க் குழுவில்தான் தொல்லை: அதற்கும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் போய்க்கொண்டிருக்கும். பின்னால் குறைந்த டோஸ் ஆய்வுக்குப் போனால் முழுக் கணக்கும் குழம்பும். சோயா இல்லாத தீவனம் கிடைத்தால் இணை சேர்க்கும் முன்பிருந்தே தாய்க்கு அதைக் கொடுங்கள். கிடைக்காவிட்டால் ஆய்வுக்கு வேண்டிய முழுத் தீவனத்தையும் ஒரே தொகுதியில் வாங்கி, ஒரு கிலோவை உறைபெட்டியில் மாதிரியாக வைத்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் ஜீரலினோன் பரிசோதிக்கலாம். மழைக்காலத்தில் மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் வையுங்கள்.

கூண்டு பாலிப்ரொப்பிலீன் என்றால் கவலையில்லை. பழைய பாலிகார்பனேட் கூண்டும் தண்ணீர்ப் பாட்டிலும் பலமுறை ஆட்டோகிளேவ் ஆகி வெடிப்பு விட்டிருந்தால் ஈஸ்ட்ரோஜன்போல வேலை செய்யும் பிஸ்பெனால் ஏ கசியும். கண்ணாடிப் பாட்டிலுக்கு மாறிவிடுங்கள். படுக்கைக்கு நெல் உமி நல்லது. மக்காச்சோளக் கதிர்த்தண்டுத் துகளில் ஈஸ்ட்ரோஜன் சார்ந்த நடத்தைகளையே மாற்றும் சேர்மங்கள் இருப்பதாக எலிகளில் காட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று, உங்களுக்கானது. எஸ்ட்ரடயால் பென்சோயேட் பொடியை நிறுக்கும்போது நைட்ரைல் கையுறை, முகக்கவசம், காற்றிழுப்புப் பெட்டி மூன்றும் வேண்டும். தோல் வழியாகவே உடலுக்குள் போகும். மேசையில் சிந்தினால் வெறும் தண்ணீரால் துடைத்துப் பயனில்லை, ஸ்டீராய்டு கரையாது. 70 சதவீத எத்தனாலில் துடைத்து அந்தப் பஞ்சைத் தனிக் கழிவில் போடுங்கள். கருவுற்றிருப்பவர் யாரையும் அந்த மேசைப் பக்கம் விடாதீர்கள். டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ராலைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 1971இல் எச்சரித்ததன் பின்னணி உங்களுக்கே தெரியும்: அதை எடுத்துக்கொண்ட தாய்மாரின் மகள்களுக்கு யோனிப் புற்றுநோய் வந்தது.

பதில் 5: மைக்ரோடோம்

புள்ளியியலைப் படிவத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள் கயல். குழுவுக்கு ஏழு ஈத்து, ஈத்துக்கு இரண்டு எலிகள் 90ஆம் நாளில் என்றால் மாதிரி எண்ணிக்கை 14 அல்ல, 7. ஒரே தாயின் குட்டிகள் ஒன்றை ஒன்று ஒத்திருக்கும். ஈத்தின் சராசரியை எடுங்கள், அல்லது ஈத்தைத் தற்செயல் காரணியாக வைத்துக் கலப்பு மாதிரியில் போடுங்கள்.

உறுப்பு எடையை உடல் எடையால் வகுத்து மட்டும் கொடுக்காதீர்கள். மருந்துக் குழு எலிகள் இளைத்திருக்கும். இளைத்த எலியின் உடல் எடையால் வகுத்தால் விந்தகம் 'பெரிதாக' தெரியும். நேரடி எடை, உடல் எடை இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்து, உடல் எடையை இணைமாறியாக வைத்து ஒப்பிடுங்கள். மூளை எடை அவ்வளவாக மாறாது என்பதால் அதையும் எடுத்து வைத்தால் வகுப்பதற்கு உதவும்.

முதல் நாள் ஊசிக்கு முன், ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடைத்தூரத்தை டிஜிட்டல் வெர்னியரில் அளந்துவிடுங்கள். ஆணில் பெண்ணைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும், குட்டிகளில் ஆண், பெண் பிரிப்பதும் அப்போதே முடிந்துவிடும். அளப்பவர் ஒருவராகவே இருக்கட்டும், எந்த ஈத்து எந்தக் குழுவுக்குப் போகப்போகிறது என்று அவருக்குத் தெரியாமல் இருக்கட்டும். எடையின் கனமூலத்தால் வகுத்து எழுதுங்கள். பாதத்தில் பச்சை மை குத்தி அடையாளம் வையுங்கள், விரல் நுனி வெட்டுவதை நெறிமுறைக் குழு ஏற்காது.

18ஆம் நாள் மாதிரிக்கு ஒரு சின்ன வேலை: மெழுகில் பதிக்கும்போது விந்தகத்தின் தலைப்பக்கம் அச்சின் எந்த ஓரம் என்று ஒரு துளி இந்தியா இங்க் தொட்டுக் குறித்துவிடுங்கள். மெழுகு இறுகியபின் இவ்வளவு சிறிய திசுவில் தலை எது, வால் எது என்று தேடி, இரண்டு மூன்று ரீட்டியை வெட்டித் தள்ளிவிடுவது எல்லா ஆய்வகத்திலும் நடக்கிற காரியம்.